நாட்டுச் செம்பருத்தியின் பெயரில் ஒரு பெருக்கல் குறி

மயிலாடுதுறை கூறைநாட்டில் எங்கள் தையல் கடைக்குப் பின்னால் ஒரு கொல்லை இருக்கிறது. கொல்லை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அடிபம்பு, துணி துவைக்கும் கல், ஒரு முருங்கை, மதிலோரம் ஒரு செம்பருத்தி, அவ்வளவுதான். அந்தச் செம்பருத்தி 1999-இல் நான் கல்யாணமாகி வந்தபோது, சீர்காழியில் அம்மா வீட்டுச் செடியில் ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்த குச்சி. சீர்வரிசையில் யாரும் அதைக் கணக்கு வைக்கவில்லை. கணக்கில் வைத்த இரும்பு பீரோ துருப்பிடித்து எடைக்குப் போய்விட்டது. குச்சி இப்போது மதிலைத் தாண்டி நிற்கிறது.

ஐந்து இதழ், ஒற்றை அடுக்கு, நல்ல ரத்தச் சிவப்பு. விடிவதற்குள் அத்தை போய்ப் பறித்துவிடுவார். பத்துப் பூ சாமிக்கு, மிச்சம் எண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெயில் பூவும் இலையும் போட்டுக் காய்ச்சி, கடைக்கு வருகிறவர்களுக்குப் பாட்டிலில் விற்கிறோம். ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் அளவெடுத்துக்கொண்டே நான் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "இது நாட்டுச் செம்பருத்திங்க. நர்சரியில விக்கிற ஹைபிரிட் பூ எண்ணெய்க்கு ஆகாது." பல வருஷமாக இதைச் சொல்லித்தான் எண்ணெய் விற்றேன்.

வேளாண்மை படிக்கும் என் மகன் இரண்டாம் வருடத்தில் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். நான் இந்த வசனத்தை ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்குள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தவன், அவர் போனதும் சொன்னான்.

"அம்மா, நீ வச்சிருக்கிறதே ஹைபிரிட்தாம்மா."

"போடா. உங்க ஆயா வீட்டுச் செடிடா அது."

"ஆயா வீட்டுதான். ஆனா ஹைபிரிட்."

போனில் அதன் விஞ்ஞானப் பெயரைக் காட்டினான். ஹைபிஸ்கஸ் என்று ஒரு சொல், ரோசா-சினென்சிஸ் என்று ஒரு சொல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு இனம் சேர்ந்து பிறந்த செடி என்றால் பெயருக்கு நடுவே அந்தக் குறியைப் போடுவார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவனுக்கு ராத்திரி தோசைக்குச் சட்னி அரைக்கவில்லை. பொடிதான்.

கோபம் தணிந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். எந்த இரண்டு இனம்? அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன்.

இந்தச் செடியைக் காட்டில் தானாக முளைத்த நிலையில் யாரும் பார்த்ததில்லை. எங்கே பார்த்தாலும் வீட்டு வேலி, கோயில் நந்தவனம், பூங்கா. காட்டுச் சொந்தம் இல்லாத செடி எங்கிருந்து வந்தது என்பது தாவரவியல்காரர்களுக்கு நெடுநாள் புதிர். பசிபிக் தீவுகளில் இதன் உறவுகளைத் தேடி ஆராய்ந்த லெக்ஸ் தாம்சன், லூகா பிராக்லியா முதலியோர் அண்மை ஆண்டுகளில் சொன்ன விடை இது: ஒரு பெற்றோர் வனுவாட்டு தீவுகளைச் சேர்ந்த கூப்பரி என்ற இனம், இன்னொன்று டஹிட்டிப் பக்கத்து கௌட்டே என்ற இனம். வரைபடத்தில் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். மகரந்தத்தை எந்த வண்டும் அவ்வளவு தூரம் தூக்கிப் போகாது. செடியே கடல் கடந்து போயிருக்கிறது. பாலினீசியர்கள் படகில் குடும்பத்தோடு தீவு விட்டுத் தீவு போகும்போது சேம்பு, வாழை, ஈரப்பலா எல்லாம் கன்றாகவும் கிழங்காகவும் எடுத்துக்கொண்டு போனவர்கள். சிவப்புப் பூச் செடியையும் அப்படி எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் தோட்டத்தில் இரண்டும் அடுத்தடுத்து நின்றபோது பிறந்ததுதான் நம் செம்பருத்தி. ஐரோப்பியக் கப்பல் அந்தக் கடலுக்குப் போவதற்கு முந்தைய கதை.

அவர்களுடைய இரட்டைப் படகை ஆங்கிலத்தில் கட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் அப்படிப் போயிருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் நான் பார்த்த கட்டுமரத்துக்கும் அந்தப் படகுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது, ஆனாலும் எனக்கு உடனே ஈரச் சாக்குதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்கள் எதில் சுற்றி எடுத்துப் போனார்களோ. சீர்காழியிலிருந்து மயிலாடுதுறைக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் நான் மூன்று தடவை சாக்கை நனைத்தேன்.

சரி, எங்கேயோ பசிபிக்கில் பிறந்தது நம் ஊருக்கு எப்படி வந்தது? இதில் மகனும் நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு மலபார்ச் செடிகளைப் படம் வரையச் சொல்லி 12 தொகுதிகளாகப் போட்டார், ஹோர்டுஸ் மலபாரிகுஸ் என்று. 1678-இல் தொடங்கி 1693-இல் முடிந்தது. 1679-இல் வந்த இரண்டாம் தொகுதியிலேயே 'செம்பரித்தி' இருக்கிறது, மலையாளப் பேரோடு. டஹிட்டிக்கு முதல் ஐரோப்பியக் கப்பல் போனது 1767-இல். அப்படியென்றால் அந்தக் கப்பல் போவதற்கு ஏறத்தாழ 90 வருஷம் முன்பே கேரளத்து வேலியில் இது பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்து கொடுத்தது இல்லை. தீவு தீவாக, துறைமுகம் துறைமுகமாக, ஆசியாக்காரர்கள் கையிலேயே நகர்ந்து வந்திருக்க வேண்டும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்தபோது சீனத்து ரோஜா என்று எழுதிவைத்தார். அது சீனாவும் இல்லை, ரோஜாவும் இல்லை.

பெயரைப் பற்றி எனக்கே ஒன்று தோன்றியது. செம்பருத்தி, அதாவது சிவந்த பருத்தி. குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக 99 பூப்பெயர் வருகிறதே, அதில் பாரம் என்று பருத்திப் பூ இருக்கிறது. செம்பருத்தி என்ற பெயர் இல்லை. பருத்தியும் இதுவும் தாவரவியலில் ஒரே குடும்பம், பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். புதிதாக வந்த மருமகளுக்குப் பெயர் தெரியாதபோது "நம்ம பருத்தி ஜாடையா இருக்கா, செவப்பா இருக்கா" என்று ஊர் சொல்லியிருக்கும், அதுவே பெயராக நின்றுவிட்டது என்பது என் ஊகம். இலங்கைக்காரர்கள் செவ்வரத்தை என்பார்கள். மலேசியா இதை 1960-இல் தேசிய மலர் ஆக்கிக்கொண்டது. கிள்ளானில் இருக்கும் அத்தையின் தம்பி மகளிடம் இந்தப் பெருக்கல் குறி விஷயத்தைப் போனில் சொன்னேன். "எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி" என்று சிரித்தாள்.

அடுத்து என்னை உறுத்தியது காய். இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் செடியைப் பார்க்கிறேன், ஒரு காய் பார்த்ததில்லை. பூ விரியும், ராத்திரி சுருண்டு மறுநாள் விழும், காம்பும் கழன்று வந்துவிடும். வெண்டை காய்க்கிறது, பருத்தி காய்க்கிறது, இதற்கு மட்டும் என்ன?

மகன் குரோமோசோம் என்று ஆரம்பித்தான். எனக்கு ஏறவில்லை. பிறகு நானே ஒரு ரவிக்கையை எடுத்துப் போட்டுப் புரிந்துகொண்டேன். ரவிக்கையில் ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் கண். பூவுக்குள் மகரந்தமும் சூலும் உருவாகும்போது, தாய்வழி வந்த குரோமோசோம் ஒவ்வொன்றும் தந்தைவழி வந்த தன் ஜோடியோடு சேர்ந்து நிற்க வேண்டும். ஒரே இனம் என்றால் கொக்கிக்கு நேராகக் கண் இருக்கும். வேறு வேறு இனம் என்றால், 34 அளவு ரவிக்கையின் கொக்கிப் பட்டியை 40 அளவு ரவிக்கையின் கண் பட்டியோடு சேர்த்து மாட்டுகிற மாதிரி. சிலது மாட்டும், சிலது மாட்டாது, மொத்தத்தில் கோணிக்கொள்ளும். அங்கேயே விதை உருவாவது தடைப்பட்டுவிடும். செம்பருத்தியில் குரோமோசோம் எண்ணிக்கையே செடிக்குச் செடி வேறு. 36 என்று எண்ணியவர்களும் உண்டு, 140-க்கு மேல் எண்ணியவர்களும் உண்டு. போதாததற்குத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணமும் சேர்கிறது. அதனால்தான் குச்சி. சீர்காழியில் நிற்பதும் இங்கே நிற்பதும் ஒரே உடம்பு. அதற்கு முன்னால் எத்தனை வீட்டு வேலியில் நின்ற குச்சியோ, எத்தனை கை ஒடித்ததோ.

எல்லாக் கலப்பும் இப்படி மலடாக நிற்பதில்லை. இயற்கை செய்யும் தந்திரம் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சில சமயம் குரோமோசோம் மொத்தமும் இரட்டித்துவிடுகிறது. 34 அளவுக்கு இன்னொரு 34, 40-க்கு இன்னொரு 40. இப்போது ஒவ்வொன்றுக்கும் தன் அளவிலேயே ஜோடி கிடைத்துவிட்டது. காய் பிடிக்கும், விதை முளைக்கும், பிள்ளையும் அதே ஜாடையில் வரும். கலப்பாகப் பிறந்தது தனி இனமாகவே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

செம்பருத்திப் பேரினத்திலேயே இதற்கு ஆள் இருக்கிறது. நர்சரிகளில் கருஞ்சிவப்பு இலையோடு, இலைக்காகவே விற்கும் ஒரு செடி பார்த்திருப்பீர்கள், வாயில் போட்டால் புளிக்கும். அசெட்டோசெல்லா என்று பெயர். ஆப்பிரிக்காவில் இரண்டு இனம் சேர்ந்து, இரட்டித்து உண்டானது. அந்த இரண்டில் ஒன்று நம் பக்கத்திலும் வேலிகளில் முள்ளோடு படரும் காட்டுப்புளிச்சையின் வழி. சாதாரணப் புளிச்சைக்கு 36 குரோமோசோம், இதற்கு 72. ஜாம், சர்பத் போடுகிற சிவப்புப் புளிச்சை இருக்கிறதே, ரோசெல் என்பார்கள், அதற்கும் 72-தான். கீரைக் கட்டில் கணக்கு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

வெண்டைக்காயையும் லின்னேயஸ் செம்பருத்தியோடுதான் சேர்த்திருந்தார். பிறகு தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். ஏ. பி. ஜோஷியும் எம். டபிள்யூ. ஹர்தாஸும் 1956-இல் வெண்டையின் கணக்கை எழுதினார்கள். வெண்டையில் 130 குரோமோசோம். ஒரு பெற்றோரிடம் 58, இன்னொன்றிடம் 72. கூட்டிப் பாருங்கள். நான் கணக்கில் மகா மட்டம், ஆனால் இதைக் கூட்டிப் பார்த்தபோது ரவிக்கையின் கடைசிக் கொக்கி மாட்டிய திருப்தி இருந்தது. வெண்டையை மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வாட்டியபோதும் வேறு இனத்துச் சொந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துத்தான் புது ரகம் எடுத்தார்கள். பர்பானி கிராந்தி, அர்கா அனாமிகா இரண்டும் அப்படி வந்தவை. என் மாமனார் அனாமிகா போட்டுவிட்டு "நாட்டு வெண்டை மாதிரி வராது" என்று குறைப்பட்டுக்கொண்டே தினம் இரண்டு கிலோ பறிப்பார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கை சும்மா இருக்குமா. நானே ஒன்றைக் கலந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஜோடி வேண்டும். பக்கத்து ஊர் நர்சரி ஒன்றில் 350 ரூபாய் கொடுத்து ஒட்டுக் கட்டிய மஞ்சள் செம்பருத்தி வாங்கினேன். தட்டு அளவு பூ, நடுவில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு. 'ஆஸ்திரேலியா ஹைபிரிட்' என்று அட்டையில் எழுதியிருந்தது. இந்தப் பெரிய பூக்களின் வம்சாவளி நீளமானது. மொரீஷியஸில் சார்லஸ் டெல்ஃபேர் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நம் செம்பருத்தியை அந்தத் தீவுகளுக்கே உரிய ஓர் இனத்தோடு சேர்த்தார். பிறகு ஹவாயின் உள்ளூர் இனங்கள் வந்து சேர்ந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இதழ் கிழிந்து தொங்கும் ஸ்கிசோபெட்டலஸ் வந்தது. எங்கள் தெருவில் அதை ஜிமிக்கிச் செம்பருத்தி என்போம், அசல் ஜிமிக்கியேதான். அதையும் நம்முடையதையும் சேர்த்த கலப்புக்கு ஆர்ச்சரி என்று தனிப் பெயரே உண்டு. ஹவாயில் வெள்ளைச் செம்பருத்தி ஒன்று வாசம் அடிக்குமாம். அதை மட்டும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட வேண்டும்.

நான் வாங்கிய மஞ்சள் மூன்று பூப் பூத்தது. ஆடி வெயிலில் மேல்பாகம் காய்ந்துவிட்டது. போச்சு 350 ரூபாய் என்று இருந்தேன். ஐப்பசி மழையில் தூரிலிருந்து துளிர் வந்தது. சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். மொட்டு வைத்தது. விரிந்தது. ஐந்து இதழ், ஒற்றை அடுக்கு, ரத்தச் சிவப்பு! ஒட்டுக்கு அடித்தண்டாக வைத்தது நம்மூர்ச் செம்பருத்தி. ஹைபிரிட்டுக்குக் காசு கொடுத்து, என் கொல்லையில் இலவசமாக நிற்கும் அதே செடியை இன்னொன்று வாங்கியிருக்கிறேன். அத்தை அன்று முழுக்கச் சிரித்தார்.

இரண்டாவது மஞ்சளை மொட்டை மாடியில் பச்சை வலை கட்டி வைத்துக் காப்பாற்றினேன். வேலை மார்கழியில் ஆரம்பம். வெயில் ஏறினால் காய் பிடிக்காது. முந்தின நாள் சாயங்காலமே மஞ்சள் மொட்டைப் பிரித்து, நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் மகரந்தப் பைகளை நூல் வெட்டும் கத்தரியால் எடுத்துவிட வேண்டும். காலையில் சிவப்புப் பூவைப் பறித்து வந்து, மஞ்சள் பூத் தண்டின் நுனியில் வெல்வெட் துணி மாதிரி இருக்கும் ஐந்து சிவப்புக் குமிழிலும் தடவ வேண்டும். காம்பில் நூல் கட்டினேன். நான் தடவியதற்குப் பச்சை நூல், தலைகீழாக மஞ்சளின் மகரந்தத்தைச் சிவப்பில் தடவியதற்கு மஞ்சள் நூல். நூலுக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

முதல் வருஷம் 43 பூ. ஒன்றும் நிற்கவில்லை. காலையில் மாடிப்படி ஏறினால் நூலோடு காம்புகள் தரையில் கிடக்கும், கூட்டிப் பெருக்குவதே வேலை. இரண்டாம் வருஷம் 26. சிவப்பில் வழக்கம்போல ஒன்றுமில்லை. மஞ்சளில் மூன்று காய் நின்றது. ஒன்று சுண்டைக்காய் அளவில் உதிர்ந்தது. மற்ற இரண்டும் வெடித்து விதை சிதறிவிடாமல் மிச்ச நெட் துணியில் சின்னப் பை தைத்துக் கட்டினேன். வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு, "காய்க்குச் சட்டை தைக்கிற முதல் டெய்லர் நீதான்" என்றார். இரண்டு மாதம் கழித்து வெடித்தது. 11 விதை. நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறி ஊன்றியதில் ஐந்து முளைத்தது. இரண்டை நத்தை தின்றது, ஒன்று அழுகியது. மிச்சம் இரண்டு.

மூத்தது பதினாலு மாதம் கழித்துப் பூத்தது. பூத்த அன்று முகம் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகில்லை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, பல தடவை துவைத்து வெளுத்த ஆரஞ்சு உள்பாவாடையின் நிறம். இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாமல் காற்றாடி மாதிரி விலகி நிற்கிறது. தலையும் கொஞ்சம் தொங்கல். மகனுக்குப் படம் அனுப்பினேன். "சூப்பர்மா. ஆனா பிரீடர்ஸ் இந்த மாதிரி வந்தா நூத்துல தொண்ணூத்தொம்பதத் தூக்கிப் போட்டுருவாங்க" என்று பதில் வந்தது. தூக்கிப் போடுகிற ஆளா நான்? வெட்டுத் துணியையே மூட்டை கட்டி வைத்திருக்கிறவள்.

அத்தை கையில் வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது, அழுக்குச் செவப்பா இருக்கு" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை அம்மன் படத்தில் பத்துச் சிவப்புக்கு நடுவே அதுவும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சின்னது இன்னும் மொட்டு வைக்கவில்லை, மாவுப்பூச்சிதான் வைத்திருக்கிறது. தினம் சோப்புத் தண்ணீர் அடிக்கிறேன். பழைய எண்ணெய் வசனத்தை விட்டுவிட்டேன். "எங்க வீட்டுப் பூ" என்று மட்டும் சொல்கிறேன், விற்பனை குறையவில்லை.

போன வாரம் பூம்புகாரிலிருந்து மகளின் கல்யாண ரவிக்கை வாங்க வந்த ஒரு அக்கா, மாடியில் தொட்டியைப் பார்த்துவிட்டு அந்த வெளுத்த ஆரஞ்சில் ஒரு குச்சி கேட்டார். எனக்குக் கை நடுங்கியது, இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. ஒரு சாண் ஒடித்து, லைனிங் துணியை நனைத்துச் சுற்றிக் கொடுத்தேன்.

"நாட்டா, ஹைபிரிட்டா?" என்று கேட்டார்.

"நாட்டுதாங்க்கா," என்றேன். "கூறைநாட்டு. வழியில ரெண்டு தடவ தண்ணி தெளிச்சுக்குங்க."